ஒரே வேலை, இரண்டு சம்பளம்: யாரிடம், எப்படிக் கேட்பது?

ஆரம்பாக்கத்தில் காலை ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் மாதத்தில் ஒருநாள் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சம்பளம் ஏறிவிட்டதாக செல்போனில் செய்தி வந்த மறுநாள் அது. "அக்கா, என் பக்கத்துல நிக்கிற பையனுக்கு என்னைவிட மூவாயிரம் அதிகமாம். அவனுக்கு வேலை கத்துக் கொடுத்ததே நான்தான். யார்கிட்ட போய்க் கேக்கறது?" கேட்பவரின் முகத்தில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரியும். அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு அதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

எங்கள் பக்கம் வீடு ஒரு மாநிலம், வேலை ஒரு மாநிலம். ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி என்று தமிழ்நாட்டின் வடக்கு ஓரத்தில் குடியிருப்போம். வேலை ஆந்திரத்தின் தடாவிலோ, ஸ்ரீசிட்டியிலோ, சூளூர்ப்பேட்டையிலோ இருக்கும். நான் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். அப்புறம் இந்தப் பக்கம் வேறொரு நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் பிரிவுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஒருகாலத்தில் கேட்கப் போனவள், இப்போது கேட்டு வருபவர்களின் காகிதத்தை வாங்கி வைப்பவள். இரண்டு இடத்திலிருந்தும் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

வழிகள் என்று பார்த்தால் ஐந்து இருக்கின்றன. மேலதிகாரியிடம் நேரில் பேசலாம். எழுத்தில் கொடுக்கலாம். நாலு பேராகச் சேர்ந்து கேட்கலாம். தொழிலாளர் துறைக்குப் போகலாம். வேறு வேலை பார்த்துக்கொண்டு கிளம்பலாம். எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு வழி கிடையாது. அதனால் எதை வைத்து எடைபோடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

## எடைபோடுமுன் பார்க்க வேண்டியவை

வித்தியாசம் எந்த வரியில் இருக்கிறது? இதுதான் முதல் வேலை. பெரும்பாலானவர்கள் கைக்கு வரும் தொகையை ஒப்பிட்டுவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஷிஃப்ட் படி, அட்டெண்டன்ஸ் போனஸ், ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) என்று தனித்தனி வரிகள் இருக்கும். பிடித்தத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), கேன்டீன், பஸ். ஒருவருக்கு மாதம் முழுக்க இரவு ஷிஃப்ட், இன்னொருவருக்கு இரண்டு நாள் லீவு என்றால் கைத்தொகை மாறத்தான் செய்யும். அதில் அநியாயம் இல்லை. அடிப்படையிலும் அகவிலைப்படியிலும் வித்தியாசம் இருந்தால் அது வேறு விஷயம். பி.எஃப்., கிராஜுவிட்டி (வேலையை விடும்போது வரும் பணிக்கொடை) இரண்டும் அந்த வரிகளை ஒட்டித்தான் போகும். இன்றைக்கு 1,000 ரூபாய் குறைந்தால் கடைசி நாள் வரை அது குறைந்துகொண்டேதான் இருக்கும்.

நான் தவறியது இந்த இடத்தில்தான். என் ஐந்தாவது வருடம், எனக்குப் பிறகு சேர்ந்து, அதே மேஜையில் அதே வேலை பார்த்த ஒரு அண்ணன் என்னைவிட 2,800 ரூபாய் அதிகம் வாங்கினார். டீ இடைவேளையில் அவரே சீட்டைக் காட்டினார். நான் நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போய், "அவருக்கு 2,800 ரூபாய் அதிகம்" என்றேன். "அவர் ஓ.டி. பார்க்கிறாரும்மா, நீ பார்க்கிறதில்லையே" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அந்த 2,800-இல் ஓ.டி. 1,100 ரூபாய்தான். மிச்சம் 1,700 ரூபாய் அடிப்படையில் இருந்தது. அந்த 1,700-ஐ மட்டும் சொல்லியிருந்தால் அவர்களால் ஓ.டி.யைக் காட்டி முடித்திருக்க முடியாது.

நீங்கள் இருவரும் ஒரே முதலாளியின் ஆட்களா? பெர்மனென்ட், கான்ட்ராக்ட், ட்ரெய்னி, அப்ரண்டிஸ் எல்லாரும் ஒரே லைனில் ஒரே நீலச் சட்டையில் நிற்போம். காகிதத்தில் நால்வரும் நான்கு விதம். கான்ட்ராக்டில் வந்தவருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒப்பந்தக்காரர். அப்ரண்டிஸ் என்று எழுதியிருந்தால் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவர், வாங்குவது உதவித்தொகை. வேலைக்கு எடுத்தபோது கொடுத்த கடிதத்தை எடுத்து, அதில் எந்தச் சொல் இருக்கிறது, எந்த கிரேடு இருக்கிறது என்று பாருங்கள்.

காரணம் சட்டத்துக்குள் வருகிறதா? ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்றால் வரும். 1976 முதல் சம ஊதியச் சட்டம் இருந்தது. இப்போது அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. ஒரே முதலாளியிடம், ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை என்பதற்கு அது நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு. வேலைச் சூழலும் ஒத்திருக்க வேண்டும். பதவிப் பெயர் மட்டும் வேறாக இருப்பதால் முதலாளி தப்பிவிட முடியாது. பெண்ணின் சம்பளத்தைச் சமமாக்குகிறேன் என்று ஆணின் சம்பளத்தைக் குறைக்கவும் சட்டம் இடம் தரவில்லை. சுருக்கெழுத்தாளராக இருந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில் 1987-லேயே உச்ச நீதிமன்றம், நிறுவனத்தின் பணக்கஷ்டம் சம ஊதியம் மறுக்கக் காரணமாகாது என்று சொல்லிவிட்டது. நான் ஹெச்.ஆர். அறையில் நின்றபோது 1976-ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆனால் தனியார் நிறுவனத்தில் இரண்டு ஆண்களுக்கு இடையிலோ, இரண்டு பெண்களுக்கு இடையிலோ வித்தியாசம் இருந்தால், அதை நேரடியாகத் தடுக்கும் பிரிவு ஊதியச் சட்டத்தில் இல்லை. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போயிருந்தாலோ, ஓ.டி.க்கு இரட்டை விகிதம் கொடுக்காமல் இருந்தாலோ சட்டம் வரும். மற்றபடி அது கம்பெனியின் நியாய உணர்வையும் உங்கள் பேசும் பலத்தையும் பொறுத்தது.

யாருக்கு அடிபடும்? உங்களுக்கு வரக்கூடிய ஆபத்தை நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். உங்களிடம் சம்பளத்தைச் சொன்னவருக்கு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? நான் பெயர் சொன்ன அந்த அண்ணனை மறு வாரமே இரவு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு நல்லது நினைத்துச் சீட்டைக் காட்டிய மனிதர் அவர். ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்றும் அதை நினைத்தால் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான், சொன்னவரைக் காட்டிக்கொடுக்காமல் கேட்க முடியுமா என்பதை ஒவ்வொரு வழியிலும் தனியாகப் பார்க்கிறேன்.

எந்த மாநிலம்? எல்லையில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் கேள்வி. நாலாவது வழியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஐந்து வழிகளையும் ஒருபார்வையில் பார்க்க:

| வழி | ஆகும் காலம் | பதிவு இருக்குமா | சொன்னவருக்கு ஆபத்து | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| நேரில் பேசுவது | சில வாரம் | இருக்காது | பெயர் வாயில் வந்துவிட்டால் அதிகம் | ஒருவருக்கு மட்டும் குறைவு, இன்க்ரிமென்ட் நெருங்கும்போது |
| எழுத்தில் | ஒன்று, இரண்டு மாதம் | இருக்கும் | சரியாக எழுதினால் குறைவு | பேசியும் நகராதபோது |
| சேர்ந்து கேட்பது | மாதக்கணக்கு | இருக்கும் | பங்கிட்டுக் குறையும் | ஒரு பிரிவுக்கே குறைவு |
| தொழிலாளர் துறை | மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும் | இருக்கும் | சாட்சியாக வர நேரலாம் | சட்ட மீறல் தெளிவாக இருந்தால் |
| வேறு வேலை | உங்கள் கையில் | தேவையில்லை | இல்லை | வெளியில் உங்களுக்கு விலை இருந்தால் |

## நேரில் பேசுவது

செலவு குறைந்த வழி, வேகமான வழி. ஒருவருக்கு மட்டும் விடுபட்டுப்போன சம்பளம் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். ஏனென்றால் எல்லா வித்தியாசத்துக்கும் பின்னால் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஆள் கிடைக்காத வருடம் சேர்ந்தவருக்கு அதிகம் கொடுத்திருப்பார்கள். ஆள் நிறைய வந்த வருடம் சேர்ந்தவருக்குக் கம்மி. அந்த வித்தியாசம் யாரும் எடுத்துச் சொல்லும்வரை அப்படியே கிடக்கும்.

சம்பளப் பிரிவில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. ஒருவருக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டுமென்றால், சூப்பர்வைசர் ஒரு காரணம் எழுதியாக வேண்டும். "இவர் கேட்டார்" என்று எழுத முடியாது. "பக்கத்தில் உள்ளவருக்கு அதிகம்" என்று எழுதவும் அவர் தயங்குவார், அது அவர் செய்த பிழையாகிவிடும். அவர் எழுதக்கூடிய ஒரு வரியை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உதாரணமாக இப்படி:

"சார், இந்தப் பிரிவுல அஞ்சு வருஷமா இருக்கேன். போன வருஷத்துல இருந்து ஃபைனல் இன்ஸ்பெக்ஷனும் நான்தான் பாக்கறேன், புதுசா வர்றவங்களுக்கு ட்ரெய்னிங்கும் நான்தான் குடுக்கறேன். என்னோட அடிப்படைச் சம்பளம் இந்த கிரேடுல எந்த இடத்துல இருக்குன்னு ஒருதடவை பாத்துச் சொல்லுங்க."

இதில் யார் பெயரும் வரவில்லை. ஆனால் அவர் போய்ப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படும். தெலுங்குக்காரராக இருந்தால், தெரிந்த அளவு தெலுங்கில் பேசுங்கள். "ஜீதம்" (சம்பளம்) என்ற ஒரு சொல்லில் தொடங்கினாலே பேச்சு இளகுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் மறைந்திருக்கும் செலவு காலம்தான். "பார்க்கலாம்மா" என்ற ஒரு சொல்லில் ஒரு வருடம் போய்விடும். ஏப்ரலில் இன்க்ரிமென்ட் கொடுக்கும் இடங்களில் பட்டியல் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிவாகிவிடும். மே மாதம் போய்க் கேட்டால் மனசு இருப்பவரால்கூட ஒன்றும் செய்ய முடியாது. சம்பள நாளுக்கு மறுநாள் கேட்கவே கேட்காதீர்கள். அன்றைக்கு உங்கள் குரலில் கோபம் இருக்கும், யாரோ சீட்டைக் காட்டியிருக்கிறார்கள் என்பதும் உடனே தெரிந்துவிடும்.

## எழுத்தில் கொடுப்பது

நேரில் கேட்டு ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் தயங்காமல் எழுதுங்கள். எழுத்துக்கு ஒரு குணம் உண்டு. வாய்ப்பேச்சை மறந்துபோனேன் என்று சொல்லலாம், மேஜையில் கிடக்கும் காகிதத்துக்கு யாராவது ஒருவர் பதில் போட்டாக வேண்டும்.

இருபது பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. பத்து பேருக்கு மிகாமல், நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில், பெண்களுக்கும் உரிய இடத்தோடு. பிரச்சினை எழுந்த ஒரு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். 30 நாளில் குழு முடித்துக் கொடுக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் நீங்கள் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் வழியாகச் சமரச அதிகாரியிடம் போகலாம். கவனிக்க: சூப்பர்வைசர் வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி ஆகமாட்டார். லைன் லீடராகப் பதவி உயர்வு வாங்கியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மனுவில் சேர்ந்த தேதி, கிரேடு, செய்யும் வேலைகள், அடிப்படைச் சம்பளம், கேட்கும் தொகை இவை போதும். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு என்று நான்கு தலைப்பில் உங்கள் வேலையைப் பிரித்து எழுதிவிட்டால் சட்டம் பார்க்கும் கண்ணோடு மனுவே பேசிவிடும். சக ஊழியரின் சீட்டை நகல் எடுத்து இணைக்காதீர்கள். அதற்குப் பதில் இந்த ஒரு வரியைச் சேருங்கள்: "இதே கிரேடில் இதே வேலை செய்பவர்களின் அடிப்படைச் சம்பளத்தோடு என்னுடையதை ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." சம்பளப் பதிவேடு அவர்களிடம்தான் இருக்கிறது, அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சீட்டைக் காட்டிய அண்ணன் நிம்மதியாக வேலை பார்ப்பார்.

இரண்டாம் முறை நான் கேட்டது இப்படித்தான். அடுத்த ஏப்ரலில் அடிப்படையில் 1,200 ரூபாய் ஏறியது. 1,700 முழுதாக வரவில்லை, 500 ரூபாய் மிச்சம் நின்றது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. உங்கள் கோப்பில் அந்த மனு நிரந்தரமாக இருக்கும். மேலதிகாரி மாறினாலும் புதியவர் அதைப் படிப்பார். இரண்டாவது, ஆத்திரத்தில் எழுதிய ஒரு சொல் போதும், விஷயம் சம்பளத்தை விட்டு உங்கள் நடத்தைக்குப் போய்விடும். எழுதியதை ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் படித்துவிட்டுக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்புங்கள், இல்லையென்றால் பதிவுத் தபால்.

## நாலு பேராகச் சேர்ந்து கேட்பது

வேறு மாநிலத்தில் வேலை செய்யும் தமிழர்கள் சேர்ந்து கேட்டதற்கு 2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறு ஒரு சாட்சி. போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தபோது தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். கட்சிச் சங்கத் தலைவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, தாங்களே பேசினார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் வந்தது. 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அதன்பின் 301 ஆனது. ஐந்நூறு கேட்டவர்களுக்கு அது போதவில்லை. ஆனாலும் தனித்தனியாகப் போயிருந்தால் அந்த 301-உம் வந்திருக்காது.

ஒரு பிரிவு முழுக்கக் குறைவாக வாங்கும்போது இதுதான் சரியான வழி. பெண்கள் மட்டும் இருக்கும் லைன், ஒரே ஒப்பந்தக்காரரின் கீழ் வந்த கும்பல், ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் இப்படி. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம், அதோடு மொத்தத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும்.

சேர்ந்து கேட்பவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "எல்லாரும் ஒரே நாள் லீவு போட்டுடலாம்" என்பார்கள். புதிய சட்டத்தில் தொழிலாளர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தம்தான். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன் அறிவிப்பு வேண்டும். அறிவிப்பில்லாமல் லீவு போட்டால் நியாயமான கோரிக்கையே சட்டவிரோத வேலைநிறுத்தம் என்ற பெயர் வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே தொகையைக் கூட்டுவார்கள். உங்களுக்கும் 1,000, அந்தப் பையனுக்கும் 1,000. சம்பளம் ஏறும், வித்தியாசம் அப்படியே நிற்கும். உங்கள் குறை உங்கள் ஒருவருடையது என்றால் இந்த வழி அதைத் தீர்க்காது.

எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் பேசுபவர்கள் மட்டும் சேர்ந்து போகாதீர்கள். தனியார் தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலை உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஆந்திரம் 2019-இல் சட்டம் போட்டதிலிருந்து, வெளியூர்க்காரர்கள் என்ற பேச்சு நம் ஆட்கள் மனதில் ஒரு பயமாகவே இருக்கிறது. தமிழர் மட்டும் கேட்டால் சம்பளப் பேச்சு மொழிப் பேச்சாகத் திரும்பிவிடும். அதே லைனில் அதே குறைந்த சம்பளத்துக்கு ஆந்திரத்தின் சத்தியவேடு பெண்ணும் நிற்கிறாள். அவளையும் கூப்பிடுங்கள்.

## தொழிலாளர் துறைக்குப் போவது

வீடு ஆரம்பாக்கத்தில், வாக்காளர் அட்டை திருவள்ளூர் மாவட்டத்தில் என்பதால் திருவள்ளூருக்கு மனுவோடு போய் ஒருநாள் சம்பளத்தை இழந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கே இல்லை. வேலை எங்கே நடக்கிறதோ அந்த மாநிலத் துறைதான் பார்க்கும். தடா, ஸ்ரீசிட்டி, சூளூர்ப்பேட்டை என்றால் ஆந்திரத் தொழிலாளர் துறை. மாவட்டமும் மாறியிருக்கிறது. தடாவும் சூளூர்ப்பேட்டையும் முன்பு நெல்லூர் மாவட்டம், சத்தியவேடு சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் மூன்றும் திருப்பதி மாவட்டம். பழைய ஆட்கள் நெல்லூருக்குப் போகச் சொல்வார்கள், கேட்டுவிட்டு அலையாதீர்கள். குறைந்தபட்ச ஊதியமும் ஆந்திரத்தின் அறிவிப்புப்படிதான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் தொகையை வைத்துக்கொண்டு "எனக்குக் குறைவு" என்று எழுதினால் மனு முதல் பார்வையிலேயே விழுந்துவிடும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் மத்திய அமைப்புகள், அவற்றுக்கு இந்த எல்லைச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

மனு தெலுங்கில் இருந்தால் நல்லது. ஆங்கிலத்திலும் கொடுக்கலாம். தெலுங்கு எழுதத் தெரிந்த தோழி யாராவது இருந்தால் உட்கார்ந்து எழுதுங்கள், ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மூன்று வருடத்துக்குள் கோரிக்கை மனு போடலாம். நீங்களே போடலாம், நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமும் போடலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும், நிலுவைத் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு போடலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. காகிதத்தில் இது பலமான வழி. நடப்பில் விசாரணைக்கு விசாரணை ஷிஃப்ட் மாற்றி, பஸ் ஏறி, சம்பளம் இழந்து போய் வர வேண்டும். சாட்சி சொல்ல சக ஊழியர் வர வேண்டியிருக்கலாம். அவர் இன்னும் அதே லைனில் நிற்பவர்.

குறைந்தபட்ச ஊதியம் வராதவர், ஓ.டி.க்கு இரட்டை விகிதம் வராதவர், சம்பளச் சீட்டே கொடுக்கப்படாதவர், பெண் என்பதால் கிரேடில் கீழே வைக்கப்பட்டவர், இவர்கள் போகலாம், போகவும் வேண்டும். "அவனுக்கு என்னைவிட அதிகம்" என்பது மட்டும் கையில் இருந்தால் இந்தப் படியை ஏற வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

## வேறு வேலை பார்த்துக்கொண்டு கிளம்புவது

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து சூளூர்ப்பேட்டை வரை ஒரே ரயில் பாதையில் இத்தனை தொழிற்சாலை இருப்பது நமக்கு ஒரு பலம். இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ள ஆபரேட்டருக்கு வெளியில் கிடைக்கும் சம்பளம், உள்ளே கெஞ்சி வாங்கும் இன்க்ரிமென்டைவிட அதிகமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சொன்னவருக்கும் ஆபத்து இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பெர்மனென்ட் ஊழியருக்கு ஐந்து வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி. அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க, ஒரு வருடத்துக்கு 7,500. ஐந்து வருடத்துக்கு 37,500 ரூபாய். நாலு வருடம் முடிந்த நிலையில் மாதம் 1,500 அதிகம் என்று மாறினால், விட்டுப்போன அந்தத் தொகையை ஈடுகட்டவே 25 மாதம் ஆகும். ஒப்பந்தக் காலம் குறிப்பிட்டு எடுக்கப்பட்டவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஒரு வருடம் போதும், அவர்கள் நிலைமை வேறு.

ஈ.எஸ்.ஐ.யையும் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் அது. 20,500-லிருந்து 21,500-க்குப் போனால் நடப்பு அரையாண்டு முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. நின்றுவிடும். வீட்டில் சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடும் அப்பா அம்மா இருந்தால், கூடிய 1,000 ரூபாய் மருந்துக் கடைக்கே பத்தாது. பிள்ளைப்பேறு நெருங்கும் பெண்கள் வேலை மாறும்போது நடுவில் இடைவெளி விடக் கூடாது. ஈ.எஸ்.ஐ. பேறுகாலப் பலனுக்கு முந்தைய இரண்டு அரையாண்டுகளில் 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

புதிய இடத்தின் கடிதத்தைக் காட்டிப் பழைய இடத்தில் கூட்டிக் கேட்கலாமா என்று கேட்பார்கள். உண்மையிலேயே போகத் தயாராக இருந்தால் கேளுங்கள். "சரி, போய் வாங்க" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டும். கூட்டிக் கொடுத்து நிறுத்திக்கொண்டாலும், இவர் எப்போது வேண்டுமானாலும் போகிறவர் என்ற எண்ணம் அவர்கள் மனதில் நின்றுவிடும்.

கொஞ்ச நாள் சும்மா இருப்பதும் ஒரு வழிதான். நாலே முக்கால் வருடத்தில் இருப்பவர், பிரசவ விடுப்புக்குப் போகவிருப்பவர், வீட்டில் ஒரே வருமானம் உள்ளவர் இப்போது கேட்காமல் ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. மூன்று வருடக் கெடுவை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆறாவது வருடம் முடிந்து கிளம்பினேன். அந்த 500 ரூபாய் வித்தியாசம் கடைசிவரை அப்படியே இருந்தது. இரவு ஷிஃப்டிலிருந்து திரும்பி வந்திருந்த அந்த அண்ணன்தான் என் கணக்கை முடித்துத் தரச் சொல்லி என்னோடு அலுவலகம் வரை வந்தார். இப்போதைய சட்டத்தில் வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். கிளம்புகிறவர்கள் கடைசி நாளுக்கு முன்பே எல்லா மாதச் சம்பளச் சீட்டையும் கம்பெனி ஆப்பிலிருந்து இறக்கி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் முடிந்ததும் அந்த ஆப் உங்களுக்குத் திறக்காது.